கிரிவலப் பாதையில் ஒரு லேப்டாப்... வானத்தின் குரலைக் கேட்க உதவும் 'கட்டுச்சோறு' சாஃப்ட்வேர்!

திருவண்ணாமலையில் பஸ்ஸை விட்டு இறங்கும் எவரும் முதலில் செய்வது, நிமிர்ந்து மலையைப் பார்ப்பதுதான். 2,668 அடி உயரம். ஊரின் எந்தத் தெருவில் நின்றாலும் ஏதோ ஒரு மொட்டை மாடிக்கு மேலே மலை எட்டிப் பார்க்கும். கிழக்கே 217 அடி உயர ராஜகோபுரம், தெற்கே திருமஞ்சன கோபுரம், மேற்கே பேய்க் கோபுரம், வடக்கே அம்மணி அம்மன் கோபுரம் என எல்லாமே கண்ணை மேலே இழுப்பவை. கார்த்திகை தீபத்தன்று மாலை 6 மணிக்கு மலை உச்சியில் தீபம் எரியத் தொடங்கியதும், லட்சக்கணக்கான தலைகள் ஒரே நேரத்தில் வானத்தைப் பார்க்கும்.

இந்த ஊரின் தல புராணமும் மேலே பார்க்கிற கதைதான். சிவன் நெருப்புத் தூணாக நின்றார். அடியைத் தேடி வராகமாக விஷ்ணு மண்ணைக் குடைந்து போனார். முடியைத் தேடி அன்னமாக பிரம்மா பறந்து போனார். இருவருக்கும் எல்லை அகப்படவில்லை.

அடிமுடி காண முடியாத ஒன்றைத் தேடுகிற வேலையை இன்று வானியலாளர்கள் செய்கிறார்கள். அவர்களின் கருவிகளில் ஒன்று திருவண்ணாமலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இன்னொன்று ஊட்டியில் மலைச்சரிவோடு சரிவாகக் கிடக்கிறது. மூன்றாவது கருவி, இந்த ஊர்க் கல்லூரி மாணவரின் பைக்குள் ஏற்கெனவே இருக்கலாம். அதன் பெயர் லேப்டாப்!

இருட்டைத் தேடி ஜவ்வாது மலைக்கு...

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் சாலையில் போளூர் வரை போய், இடதுபக்கம் மலை ஏறினால் ஜமுனாமரத்தூர். சாமை, தேன், பலா என்று ஜவ்வாது மலையின் விளைச்சல் எல்லாம் வந்து சேரும் ஊர். அங்கிருந்து ஆலங்காயம் சாலையைப் பிடித்தால் காவலூர். மலைப்பாதை சுற்றி வளைத்துப் போகிறது. நேர்க்கோட்டில் அளந்தால், திருவண்ணாமலைக்கும் காவலூருக்கும் இடையே 50 கிலோமீட்டர்கூட இல்லை.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில், காடுகளுக்கு நடுவே வெள்ளைக் குவிமாடங்களோடு நிற்கிறது வைணு பாப்பு வானாய்வகம். 1968-ல் 38 சென்டிமீட்டர் டெலஸ்கோப்புடன் இங்கே வேலை தொடங்கியது. 1972-ல் 1 மீட்டர் டெலஸ்கோப் வந்தது. 1986 ஜனவரியில் 2.34 மீட்டர் டெலஸ்கோப்பை அப்போதைய பிரதமர் ராஜீவ் காந்தி தொடங்கி வைத்தார். இந்த இடத்தைத் தேடிப் பிடித்த விஞ்ஞானி வைணு பாப்புவின் பெயரையே வானாய்வகத்துக்குச் சூட்டினார்கள். 1977-ல் யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரியவந்தபோது, அதைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. 1988-ல் இங்கே கண்டுபிடிக்கப்பட்ட ஒரு குறுங்கோளுக்குக் கணித மேதை ராமானுஜனின் பெயர் வைக்கப்பட்டது.

காவலூருக்குத் தேவை இருட்டு. தெருவிளக்கு, கடை வெளிச்சம், வாகன வெளிச்சம் எதுவும் ஆகாது. அதனால்தான் மலைக்காடு. ஆனால், வானத்திலிருந்து வருவது வெளிச்சம் மட்டுமல்ல. கண்ணுக்குத் தெரியாத ரேடியோ அலைகளும் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றைப் பிடிக்க வேறு மாதிரியான காது வேண்டும்.

ஊட்டியில் சாய்ந்து கிடக்கும் காது

அந்தக் காது ஊட்டி அருகே முத்தோரையில் இருக்கிறது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். வடக்கு தெற்காக மலைச்சரிவில் படுத்திருக்கிறது. 24 பெரிய இரும்புச் சட்டங்கள், அவற்றின் மேல் சுமார் 1,100 துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள். கண்ணாடியும் கிடையாது, குவிமாடமும் கிடையாது. முதன்முதலில் பார்ப்பவர்கள், 'இதுவா டெலஸ்கோப்?' என்றுதான் கேட்பார்கள்.

இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததில்தான் இருக்கிறது கெட்டிக்காரத்தனம். ஊட்டி, பூமத்திய ரேகையிலிருந்து சுமார் 11 டிகிரி வடக்கே இருக்கிறது. தேர்ந்தெடுத்த மலைச்சரிவின் சாய்வும் சுமார் 11 டிகிரி. அதனால் சரிவில் படுத்திருக்கும் டெலஸ்கோப்பின் நீள அச்சு, பூமி சுழலும் அச்சுக்கு இணையாக அமைந்துவிடுகிறது. உருளையைப் புரட்டுவதுபோல மெல்லத் திருப்பினாலே போதும், ஒரு விண்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் தொடர்ந்து பார்க்கலாம். கோடிக்கணக்கில் செலவாகும் இயந்திரத்தின் வேலையை ஒரு மலைச்சரிவு பார்த்துக்கொண்டது. இந்த யோசனைக்குச் சொந்தக்காரர் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் கோவிந்த் ஸ்வரூப். 1970-ல் முழுக்க இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டி முடித்தார்கள்.

அதே ஸ்வரூப்பின் தலைமையில் அடுத்து உருவானதுதான் ஜி.எம்.ஆர்.டி. புனேயிலிருந்து வடக்கே சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில், கோடத் கிராமத்தைச் சுற்றி நிற்கும் 30 ராட்சதத் தட்டுகள். ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டம். சில தட்டுகள் ஒன்றுக்கொன்று 25 கிலோமீட்டர் தள்ளி நிற்கின்றன.

தீபத்தன்று இங்கே ரேடியோ டெலஸ்கோப் வைத்தால்?

காவலூருக்கு இருட்டு எப்படியோ, ரேடியோ டெலஸ்கோப்புக்கு அமைதி அப்படி. இங்கே அமைதி என்பது சத்தம் இல்லாமல் இருப்பதல்ல, மனிதர்கள் உண்டாக்கும் ரேடியோ அலைகள் இல்லாமல் இருப்பது. மொபைல் டவர், எஃப்.எம் நிலையம், வை-ஃபை, வாக்கி டாக்கி எல்லாமே அதற்கு இரைச்சல்தான். நிலாவில் ஒரு மொபைல் போனை ஆன் செய்து வைத்தால், அதன் அலைவரிசையில் வானத்தின் மிகப் பிரகாசமான பொருள்களில் ஒன்றாக அது தெரியும் என்று வானியலாளர்கள் சொல்வதுண்டு. வானத்திலிருந்து வரும் அலைகள் அவ்வளவு மெலிந்தவை.

தீபத்தன்று கிரிவலப் பாதையில் நடக்கும் ஒவ்வொரு கையிலும் ஒரு மொபைல் இருக்கிறது. இந்த ஊரில் ரேடியோ டெலஸ்கோப் வைத்தால், திருவிழாக் கூட்டத்துக்கு நடுவே எறும்பு நடக்கும் ஓசையைக் கேட்க உட்கார்ந்ததுபோல இருக்கும். ஆகவே, டெலஸ்கோப் இங்கே வராது. ஆனால், அது கேட்டதெல்லாம் இங்கே வரலாம்!

ஜி.எம்.ஆர்.டி பதிவு செய்யும் தகவல்கள், கேட்டு வாங்கிய விஞ்ஞானிக்கு மட்டும் என்றென்றைக்கும் சொந்தமல்ல. குறிப்பிட்ட காலம் முடிந்ததும் அவை ஆன்லைன் ஆவணக் காப்பகத்தில் திறந்துவிடப்படுகின்றன. பதிவு செய்துகொண்டால் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். புனேயில் இருப்பவருக்கு என்ன வானமோ, போளூரில் இருப்பவருக்கும் அதே வானம்.

அப்படியானால் தடை எங்கே இருக்கிறது? இறக்கிய பிறகுதான்.

30 தட்டு... 435 ஜோடி

மொபைலில் ஒரு போட்டோ எடுத்தால் உடனே படம் வந்துவிடும். ரேடியோ டெலஸ்கோப்பில் அப்படி வராது. ஜி.எம்.ஆர்.டி-யின் 30 தட்டுகளையும் இரண்டிரண்டாகச் சேர்த்தால் 435 ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியும் கேட்டதை ஒப்பிட்டு, விநாடிக்கணக்கில் எண்களாகப் பதிவு செய்துகொண்டே போவார்கள். சில மணி நேரத்தில் பல ஜிபி-க்கு எண்கள் குவியும். கையில் கிடைப்பது அந்தக் குவியல்தான். அதிலிருந்து படத்தைச் சமைத்து எடுக்க வேண்டும்.

முதல் வேலை, கல் பொறுக்குவது. அரிசியை முறத்தில் போட்டுக் கல் பொறுக்குவதுபோல, மொபைல் டவர், விமானம், மின்கம்பி போன்றவற்றிலிருந்து வந்த இரைச்சலைக் கண்டுபிடித்துத் தள்ள வேண்டும்.

இரண்டாவது வேலை, சுருதி சேர்ப்பது. 30 தட்டுகளும் ஒரே சுருதியில் இருக்காது. ஒன்று கொஞ்சம் முந்தும், இன்னொன்று பிந்தும். மேலே உள்ள வளிமண்டலமும் தன் பங்குக்கு அலைகளைக் குழப்பும். ஏற்கெனவே நன்கு தெரிந்த ஒரு பிரகாசமான விண்பொருளைப் பார்த்து, அதைச் சுருதிப்பெட்டியாக வைத்து எல்லாத் தட்டுகளையும் சரிசெய்வார்கள்.

மூன்றாவது வேலை, படமாக்குவது. எண்களைப் படமாக மாற்றியதும், ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் தேவையில்லாத நிழல் கோலங்கள் தெரியும். அவற்றைத் துடைக்கும் வழியை 1974-ல் ஹாக்போம் என்ற வானியலாளர் வெளியிட்டார். அதன் வழிவந்த முறைகள்தான் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன.

இப்படிப் பொறுக்கி, சேர்த்து, துடைத்த பிறகு கிடைப்பவை சாதாரணப் படங்கள் அல்ல. ஜி.எம்.ஆர்.டி-யின் ஒரு வானக் கணக்கெடுப்பைச் செயலாக்கி 2017-ல் வெளியிட்டார்கள். அதில் இருந்தவை 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ரேடியோ விண்பொருள்கள். 2023-ல் வந்த அறிவிப்பு இன்னும் சுவாரஸ்யம். தொலைதூர கேலக்ஸி ஒன்றின் ஹைட்ரஜனிலிருந்து 21 சென்டிமீட்டர் அலையாகக் கிளம்பிய குரல், பிரபஞ்சம் விரிந்துகொண்டே போனதால் 48 சென்டிமீட்டர் அலையாக நீண்டு, 880 கோடி ஆண்டுகள் பயணம் செய்து கோடத் கிராமத்துத் தட்டுகளில் கேட்டது.

இன்ஸ்டால் செய்வதே ஒரு மலையேற்றம்!

இந்த மூன்று வேலைகளுக்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால், எல்லாம் ஒரே கடைச் சரக்கு அல்ல. 'காசா' என்ற பெரிய தொகுப்பு அமெரிக்காவில் பிறந்தது. இரைச்சலைப் பொறுக்கும் 'ஏ.ஓ.ஃபிளாகர்', படம் ஆக்கும் 'டபிள்யூ.எஸ்.கிளீன்' இரண்டும் ஆஃப்ரிங்கா என்ற டச்சு வானியலாளரின் கைவண்ணம். ஜி.எம்.ஆர்.டி தகவல்களுக்கென்றே ருதா காலே, ஈஸ்வர சந்திரா என்ற இரு இந்திய விஞ்ஞானிகள் 'கேப்சர்' என்ற தானியங்கி வரிசையை 2021-ல் வெளியிட்டார்கள்.

ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு கம்ப்யூட்டரில் எழுதப்பட்டது. ஒன்றுக்குப் பழைய பைத்தான் வேண்டும், இன்னொன்றுக்குப் புதிய பைத்தான்தான் வேண்டும். பைத்தானின் இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ல் நின்றுபோனது. அதை நம்பி எழுதிய புரோகிராம்கள் அநாதையாகின. ஒரு மென்பொருளுக்காக ஏதாவது ஒன்றைப் புதுப்பித்தால், அதுவரை ஓடிய இன்னொன்று நின்றுவிடும். ஒரே வீட்டில் இரண்டு சம்பந்திகளைச் சமாதானமாக வைத்திருப்பதைவிடக் கஷ்டமான வேலை!

பெரிய ஆராய்ச்சி நிலையத்தில் இதைச் சரிசெய்யத் தனி ஆள் இருப்பார். சிறிய ஊரில் பி.எஸ்ஸி இயற்பியல் படிக்கும் மாணவிக்கு யார் இருக்கிறார்கள்? வானியல் பாடம் தொடங்கும் முன்பே இரண்டு வாரம் இன்ஸ்டால் செய்வதில் போய்விடும். சிவப்பு எழுத்தில் வரும் பிழைச் செய்திகளைப் பார்த்து, 'இது நமக்கு ஒத்துவராது' என்று மூடி வைத்துவிடுவார். ஒத்துவராதது வானியல் அல்ல, இன்ஸ்டாலேஷன்தான். ஆனால், அந்த வித்தியாசத்தை அவருக்குச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

கட்டுச்சோற்று மூட்டை

இதற்குத் தீர்வாக வந்ததுதான் 'கன்டெய்னர்' தொழில்நுட்பம். பெயர் கப்பல் துறையிலிருந்து வந்தது. 1956 ஏப்ரலில் மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்கர், 58 இரும்புப் பெட்டிகளைக் கப்பலில் ஏற்றி அனுப்பினார். அதுவரை மூட்டை மூட்டையாக ஏற்றி இறக்கிய சரக்கு, அதன்பின் பெட்டியோடு ஏறிப் பெட்டியோடு இறங்கியது. சென்னைத் துறைமுகத்துக்குப் போகும் நீளமான லாரிகளில் எல்லோரும் பார்ப்பது அந்தப் பெட்டிகளின் வாரிசுகளைத்தான்.

திருவண்ணாமலைக்காரர்களுக்குப் புரிய கப்பல் வரை போக வேண்டியதில்லை. தீபத்துக்கு மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்த தாத்தா பாட்டி காலத்தை நினைத்தால் போதும். புளியோதரை, தயிர்சாதம், தொட்டுக்கொள்ள ஊறுகாய், சாப்பிட இலை என எல்லாம் ஒரே மூட்டையில். போகிற ஊரில் அடுப்பு உண்டா, அரிசி கிடைக்குமா, உப்பு கூடுமா குறையுமா என்ற கவலையே கிடையாது. உட்கார ஒரு மர நிழலும் குடிக்கத் தண்ணீரும் இருந்தால் போதும். எங்கே பிரித்தாலும் வீட்டு ருசி.

கன்டெய்னரும் அப்படித்தான். மென்பொருள், அதற்குத் தேவையான பைத்தான், துணை நிரல்கள், செட்டிங்ஸ் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். மர நிழலும் தண்ணீரும்போல, கம்ப்யூட்டரிலிருந்து அது கேட்பது லினக்ஸின் அடிப்படைக் கருவை மட்டும்தான். பக்கத்து மூட்டையில் என்ன இருக்கிறது என்பது இந்த மூட்டைக்குத் தெரியாது. அதனால் பழைய பைத்தானும் புதிய பைத்தானும் ஒரே லேப்டாப்பில் சண்டையில்லாமல் இருக்கும்.

இந்த மூட்டைகளைக் கட்டவும் பிரிக்கவும் உதவும் 'டாக்கர்' 2013-ல் அறிமுகமானது. அதை ஓட்ட, கம்ப்யூட்டரில் நிர்வாகி அளவுக்கு அதிகாரம் தேவைப்படும். பலர் சேர்ந்து பயன்படுத்தும் கல்லூரிக் கம்ப்யூட்டரிலும், சூப்பர் கம்ப்யூட்டரிலும் அந்த அதிகாரத்தை எல்லோருக்கும் தர மாட்டார்கள். அதற்காகவே வந்தது 'சிங்குலாரிட்டி'. இப்போது அதன் பெயர் 'ஆப்டெய்னர்'. முழு மூட்டையும் ஒரே ஃபைல். பென் டிரைவில் போட்டுத் தோழிக்குக் கொடுத்துவிடலாம்.

தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒரு ரயில்

மூட்டைகள் தயார். ஆனால், கல் பொறுக்குவதிலிருந்து படமாக்குவது வரை அவற்றை வரிசையாக ஓட்ட வேண்டாமா? அதற்காக தென்னாப்பிரிக்காவில் ஒரு ரயில் உருவானது. அதன் பெயர் 'ஸ்டிமெலா'. ஸூலு முதலிய மொழிகளில் ரயில் என்று பொருள். ரோட்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் ஆய்வு செய்த ஸ்பெசிஷ்லே மகாத்தினி இதை உருவாக்கினார்.

தென்னாப்பிரிக்காவுக்கு இதன் தேவை அவசரமாக இருந்தது. அங்கே கரூ பாலைவனத்தில் 64 தட்டுகள் கொண்ட 'மீர்காட்' டெலஸ்கோப் 2018 ஜூலையில் திறக்கப்பட்டது. 64 தட்டு என்றால் 2,016 ஜோடிகள். கையால் ஒவ்வொரு படியாகச் செய்து மாளாது.

ஸ்டிமெலாவில் ஒவ்வொரு மென்பொருளும் ஒரு ரயில் பெட்டி. அவர்கள் வைத்த பெயர் 'கேப்'. இரைச்சல் பொறுக்க ஒரு பெட்டி, சுருதி சேர்க்க ஒரு பெட்டி, படமாக்க ஒரு பெட்டி. எந்தப் பெட்டிக்குப் பின் எந்தப் பெட்டி, ஒவ்வொன்றுக்கும் என்ன கொடுக்க வேண்டும் என்று எழுதும் குறிப்புக்குப் பெயர் 'ரெசிபி'. சமையல் குறிப்பேதான்!

ஓட்டிப் பார்க்க என்ன வேண்டும்?

லினக்ஸ் உள்ள ஒரு கம்ப்யூட்டர். விண்டோஸ் வைத்திருப்பவர்கள், அதற்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூ.எஸ்.எல் வசதியைப் பயன்படுத்தலாம். 8 ஜிபி ரேமாவது இருந்தால் நல்லது. பெட்டிகளை இறக்கி வைக்கப் பல ஜிபி இடம் காலியாக இருக்க வேண்டும். நல்ல நெட் கிடைக்கும் இடத்தில் ஒருமுறை இறக்கிவிட்டால், அதன்பிறகு நெட் இல்லாமலும் ஓட்டலாம்.

முதலில் டாக்கர் அல்லது ஆப்டெய்னர். அடுத்து, பைத்தானின் 'பிப்' கட்டளை ஒன்றில் ஸ்டிமெலா வந்து உட்கார்ந்துவிடும். பிறகு, ரெசிபியை எழுதி 'ஸ்டிமெலா ரன்' என்று கொடுக்க வேண்டும். தேவையான பெட்டிகளை அதுவே வரிசையாக ஓட்டும். எந்தப் பெட்டியில் என்ன நடந்தது என்று குறிப்பெழுதிக்கொண்டே போகும். மூன்றாவது பெட்டியில் நின்றுவிட்டால், சரிசெய்துவிட்டு அங்கிருந்தே தொடரலாம்.

கையில் உண்மையான டெலஸ்கோப் தகவல் இல்லையே என்று தயங்க வேண்டாம். பொய்யாக ஒரு டெலஸ்கோப்பை லேப்டாப்புக்குள்ளேயே உருவாக்க முடியும். 7 தட்டுகள் கொண்ட சிறிய டெலஸ்கோப் இருப்பதாக ஒரு பெட்டி கணக்குப் போடும். கற்பனை வானத்தில் சில விண்பொருள்களை அடுத்த பெட்டி வைக்கும். அந்த 7 தட்டுகளும் என்ன கேட்டிருக்கும் என்பதை வைத்துக் கடைசிப் பெட்டி படம் வரையும். வைத்த இடத்தில் விண்பொருள் தெரிந்தால், வழி சரி. நீச்சல் கற்றுக்கொள்ளக் கடலுக்குப் போகாமல் கிணற்றில் பழகுவதுபோல இது. கற்றுக்கொண்டால் கடல் காத்திருக்கிறது.

புதுப் பெட்டி சேர்க்கலாம்

இதில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. இந்த ரயிலில் யார் வேண்டுமானாலும் புதுப் பெட்டி கோக்கலாம். மின்கம்பியிலிருந்து வரும் இரைச்சலை மட்டும் கண்டுபிடித்துத் தள்ளும் சிறிய பைத்தான் புரோகிராமை ஒரு மாணவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் செய்ய வேண்டியவை இரண்டுதான். மூட்டையை எப்படிக் கட்டுவது என்ற குறிப்பை ஒரு ஃபைலில் எழுத வேண்டும். என்ன உள்ளே போகும், என்ன வெளியே வரும் என்பதை இன்னொரு ஃபைலில் எழுத வேண்டும். பெட்டி தயார்.

அதன்பின் அந்தப் பெட்டியை கேப்டவுனில் இருப்பவரும் புனேயில் இருப்பவரும் தங்கள் ரயிலில் மாட்டிக்கொள்ளலாம். 'என் கம்ப்யூட்டரில் ஓடுகிறது, உன் கம்ப்யூட்டரில் ஓடவில்லை' என்ற பேச்சுக்கு இடமில்லை. ஒருவர் சொன்ன முடிவை இன்னொருவர் அதே பெட்டிகளை ஓட்டிச் சரிபார்க்கலாம். அறிவியலுக்கு இதைவிட நல்ல சாட்சி ஏது?

பெட்டி செய்யாத வேலைகள்

எல்லாவற்றையும் பெட்டி பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். பெரிய தகவல் குவியலை அது சின்னதாக்காது. பழைய லேப்டாப்பின் வேகத்தையும் கூட்டாது. ஒரு மணி நேரப் பதிவைச் செயலாக்க இரவு முழுவதும் ஓடினாலும் ஆச்சர்யமில்லை.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிடத் தெரிந்தவருக்குச் சமைக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. பொத்தானை அழுத்தினால் படம் வருகிறது. ஆனால், அதில் தெரியும் புள்ளி கேலக்ஸியா, பொறுக்காமல் விட்ட கல்லா என்று சொல்ல இயற்பியல் தெரிய வேண்டும். புனேயில் கல்லூரி மாணவர்களுக்காக நடக்கும் ரேடியோ வானியல் குளிர்காலப் பள்ளி போன்றவை அதற்குத்தான். லினக்ஸே வேண்டாம், படத்தைப் பார்த்துப் பழகினால் போதும் என்பவர்களுக்கு 'ராட் அட் ஹோம்' இருக்கிறது. வானியலாளர் ஆனந்த ஹோத்தா 2013-ல் தொடங்கிய மக்கள் அறிவியல் முயற்சி இது. ஜி.எம்.ஆர்.டி படங்களில் வழக்கத்துக்கு மாறான கேலக்ஸிகளைத் தேட, இதில் மாணவர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள்.

குடத்தை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு...

இனி வரப்போவது இன்னும் பெரியது. தென்னாப்பிரிக்காவில் 197 தட்டுகளும், ஆஸ்திரேலியாவில் 1,31,072 ஆன்டெனாக்களுமாக எஸ்.கே.ஏ என்ற டெலஸ்கோப் எழும்பிக்கொண்டிருக்கிறது. இதில் இந்தியா பங்கேற்க 2024 ஜனவரியில் 1,250 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கிடைத்தது. டெலஸ்கோப்பைக் கண்காணித்து இயக்கும் மென்பொருளில் இந்தியாவுக்கு முக்கியப் பங்கு இருக்கிறது. அந்த மென்பொருளும் கன்டெய்னர்களில்தான் ஓடுகிறது.

30 தட்டுக்கு 435 ஜோடி, 64 தட்டுக்கு 2,016 என்று பார்த்தோம். 197 தட்டுக்கு 19,306. இவ்வளவு தகவலை யாரும் தங்கள் லேப்டாப்புக்கு இறக்க முடியாது. ஆறு வீட்டுக்கு வராது, குடத்தைத்தான் ஆற்றுக்கு எடுத்துப் போக வேண்டும். தகவல் இருக்கும் பெரிய மையத்துக்கு மென்பொருள் மூட்டையை அனுப்பி, அங்கேயே ஓட்டி, முடிவை மட்டும் வாங்கிக்கொள்வதுதான் வருங்கால வழி. மூட்டை கட்டத் தெரிந்தவர் எந்த ஊரில் இருந்தாலும் ஒன்றுதான்.

இதே டாக்கர், இதே லினக்ஸ்தான் சென்னை ஓ.எம்.ஆரிலும் பெங்களூருவிலும் உள்ள ஐ.டி நிறுவனங்களிலும் ஓடுகின்றன. செங்கம் சாலையில் பெங்களூருவுக்குப் பஸ் ஏறும் இளைஞர்களுக்கு, வானத்தைப் பார்த்துக் கற்றது வேலைக்கும் உதவும். ஆனால், அது கூடுதல் லாபம் மட்டுமே. கேலக்ஸியைப் பற்றிய கேள்வி கேட்க யாருக்கு உரிமை என்பதுதான் உண்மையான விஷயம். டெலஸ்கோப் கட்டப் பணமும் மலையும் அமைதியும் வேண்டும், அது எல்லா ஊருக்கும் வாய்க்காது. அது கேட்டதைக் கேட்க ஒரு லேப்டாப்பும் ஒரு மூட்டையும் பொறுமையும் போதும். அந்தப் பொறுமை, 14 கிலோமீட்டர் கிரிவலம் நடக்கும் ஊருக்குப் புதிதல்ல.

போக, பார்க்க...

காவலூர்: திருவண்ணாமலையிலிருந்து போளூர், ஜமுனாமரத்தூர் வழியாகவோ, வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகவோ போகலாம். சனிக்கிழமைகளில் பொதுமக்களுக்கு அனுமதி உண்டு. மேகமூட்டம் இருந்தால் டெலஸ்கோப்பில் பார்க்க முடியாது. இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் இணையதளத்தில் நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

ஊட்டி ரேடியோ டெலஸ்கோப்: ஊட்டியை அடுத்த முத்தோரையில் இருக்கிறது. உள்ளே போய்ப் பார்க்க முன்அனுமதி பெற வேண்டும். வளாகத்துக்குள் மொபைலை அணைத்துவிடுங்கள். அங்கே உங்கள் போனும் ஒரு இரைச்சல்தான்!